பிஸ்டல் வைச்சிருக்கிற ஆக்கள் சொன்னது

பிஸ்டல் ஒழுங்காய் வேலை செய்யுமெண்டால் றொனிக்கு வேலை இல்லை.

வீட்டுக்காரி சின்யோரா நின்ஃபா இதைச் சொல்லேக்கை அவன் குசினியிலை நிண்டு கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தான். கத்தி பாதியிலை நிண்டிட்டுது.

"என்ன சின்யோரா சொல்லுறியள்?"

"நான் சொல்லேல்லை. என்ரை மகன் சொல்லுறான். ஒரு வீட்டிலை ஒரு வேலைக்கு ரெண்டு சாமான் என்னத்துக்கு எண்டு கேக்கிறான்."

"எது ரெண்டு சாமான்?"

"ஒண்டு அவன்ரை அப்பாவின்ரை பிஸ்டல். மற்றது நீ."

போன வருசம் பலேர்மோவிலை, சீசாச் சந்தியிலை ஸ்கூட்டரிலை வந்த ரெண்டு பேர் சின்யோராவின்ரை கைப்பையைப் பறிச்சுக்கொண்டு போட்டாங்கள். எழுபத்தெட்டு வயசு மனுசி றோட்டிலை விழுந்து முழங்கால் ரெண்டும் போச்சு. அதுக்குப் பிறகுதான் மன்னார்ப் பொடியன் றொனியை வேலைக்கு எடுத்தவா. சமைக்கிறது, துடைக்கிறது எல்லாம் மேலதிகம். மெயின் வேலை, சின்யோரா வெளியிலை இறங்கினால் கைப்பை இருக்கிற பக்கமாய் நடந்து வாறது. பத்து மாசமாய் ஒரு குறையும் இல்லை.

ஆனால் ரொறினோவிலை இருக்கிற மகன் ருஜேரோ ஒரு அவ்வொக்காத்தோ, சட்டத்தரணி. ஒவ்வொரு சாமானுக்கும் காரணம் கேக்கிற ஆள். "வீட்டிலை துவக்கு இருக்கு, பிறகேன் ஆள்?" எண்டு போனிலை கேட்டிருக்கிறார்.

றொனியின்ரை கண் மேசைக்குப் போச்சு. அங்கை கண்ணாடிக் கிண்ணத்துக்குக் கீழை ஒரு கடிதம் கிடந்தது. 'இன்னார் என்னட்டை வேலை செய்யிறார்' எண்டு ரைப் அடிச்ச கடிதம். சின்யோராவின்ரை கையெழுத்து மட்டும்தான் குறை. வெள்ளிக்கிழமை காலமை அந்தக் கடிதத்தோடை அவன் குவெஸ்தூரா எண்ட பொலிஸ் கந்தோரிலை நிக்க வேணும். நிண்டால் இத்தாலியிலை இருக்க விடுற பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிப்பாங்கள். நிக்காட்டில் என்ன நடக்குமெண்டு யோசிச்சு ரெண்டு கிழமையாய் அவனுக்கு சோறு இறங்கேல்லை.

"அப்ப கையெழுத்து, சின்யோரா?"

"வியாழக்கிழமை மகன் வாறான். அவன் பாக்கட்டும். பிஸ்டல் நம்பலாமோ இல்லையோ எண்டு அதை வைச்சிருக்கிற மற்ற ஆக்களிட்டை விசாரிச்சு வைக்கச் சொன்னான். என்ரை முழங்காலோடை நான் படி ஏறேலாது. நீ போய்க் கேட்டு எழுதிக்கொண்டு வா."

"நானோ?"

"வேறை ஆர்? பூனையோ?"

அந்தக் கட்டடம் தபால் கந்தோரிலை வேலை செய்த ஆக்கள் சேந்து கட்டினது. எழுபத்தாறாம் ஆண்டு கந்தோர் கவுண்டரிலை கொள்ளைக்காரர் பூந்தபிறகு, இந்தக் கட்டடத்து நாலு ஆம்பிளையள் ஒண்டாய் இறங்கி, கீழ்த்தட்டிலை துவக்குக்கடை வைச்சிருந்த மாஸ்த்ரோ நீனோவிட்டை நாலு பிஸ்டல் வாங்கினவை. நாலும் ஒரே சாதி. மலிவு, சின்னன், காற்சட்டைப் பொக்கற்றுக்குள்ளை போட்டால் வெளியிலை தெரியாது. நாலாய் எடுத்தபடியால் நீனோ இன்னும் கொஞ்சம் குறைச்சும் குடுத்தவராம். சின்யோராவின்ரை செத்துப்போன புருசன் கஸ்பாரேயின்ரை பிஸ்டல் மேசைவிரிப்பு வைக்கிற லாச்சிக்குள்ளை, விரிப்புகளுக்கு அடியிலை கிடந்தது.

அந்த லாச்சியை மட்டும் றொனி இதுவரை திறந்ததில்லை. மன்னாரிலை இருந்து அவன் வெளிக்கிட்டதே துவக்கை வைச்சிருக்கிற ஆக்களிலை எவனுக்கு முதல் கையைத் தூக்கிறதெண்டு தெரியாமல்தான். மற்ற லாச்சியெல்லாம் துடைப்பான். சின்யோராவின்ரை தையல் பெட்டியை இன்னும் கவனமாய்த் துடைப்பான். அதுக்குள்ளை ஊசி குத்துற மெத்தையிலை காதில்லாத ஒரு மொத்த ஊசி இருக்கும். ஒருநாள் அதுக்கு நூல் கோக்கப் பாத்துத் தோத்தவன். "அதை விடு, அது தைக்கிற ஊசி இல்லை" எண்டு சின்யோரா வாங்கித் திரும்பக் குத்தி வைச்சவா.

கட்டம் போட்ட பள்ளிக்கூடக் கொப்பி ஒண்டையும் பேனையையும் எடுத்துக்கொண்டு றொனி மேலை ஏறினான். யூலை மாச வெக்கை. லிஃப்ற் வழக்கம்போலை வேலை செய்யேல்லை.

மூண்டாம் மாடியிலை சின்யோர் கலோஜெரோ. கதவைத் திறந்த உடனை றொனி கேள்வியைக் கேட்டுப்போட்டான். பயத்திலை அவனுக்குச் சுத்தி வளைக்க வராது.

"பிஸ்டலோ?" மனுசனுக்கு முகம் மலர்ந்து போச்சு. "உள்ளை வா, இரு. எழுது. இருபது வருசம், ஒருநாள் சிக்கினதில்லை!"

றொனி எழுதினான். 'சிக்கினதில்லை.'

"ஒவ்வொரு சனிக்கிழமையும் எண்ணெய் போடுறனான். மணிக்கூடு மாதிரிச் சாமான்."

"எத்தினை தரம் வெடி வைச்சிருப்பியள், சின்யோர்?"

"வெடியோ?" கலோஜெரோ அவனை ஒரு மாதிரிப் பாத்தார். "ஏன் வெடி வைக்க வேணும்? புதுச் சாமானைப் பழுதாக்கவோ?"

பக்கத்திலை போஞ்சி உரிச்சுக்கொண்டிருந்த அவரின்ரை மனுசி தலையை நிமித்தேல்லை. ஒரு போஞ்சி மட்டும் விரலிலை இருந்து வழுக்கி நிலத்திலை விழுந்தது.

நாலாம் மாடியிலை சின்யோர் ஒனோஃப்ரியோ. அவர் இன்னும் மோசம். அதாவது இன்னும் நல்லாய்ச் சொன்னார்.

"எழுபத்தொன்பதிலை, துறைமுகப் பக்கம். நேப்பிள்ஸ் கப்பலிலை ஒரு பார்சல் அனுப்பிப்போட்டு வாறன். மூண்டு பேர் மறிக்கிறாங்கள். நான் எடுத்தன். மேலை பாத்து ரெண்டு வெடி. டப், டப்! ஓடினாங்கள் பார், இப்பவும் ஓடிக்கொண்டிருப்பாங்கள்."

துணிக்கு அயர்ன் பிடிச்சுக்கொண்டிருந்த மனுசி திரும்பாமலே சொன்னா: "நத்தாருக்குச் சொல்லேக்கை மூண்டு வெடி."

"ரெண்டோ மூண்டோ, வெடிச்சதெல்லோ!"

"வெடிச்சது, வெடிச்சது" எண்டா மனுசி. அயர்ன்பெட்டி உஸ்ஸெண்டுது.

அஞ்சாம் மாடியிலை சின்யோர் கயெத்தானோவுக்குப் பகேரியாவிலை எலுமிச்சைத் தோட்டம் ஒண்டிருக்கு. அங்கை ஒரு சாரை நீளத்துக்குப் பாம்பு வந்ததாம், பதினைஞ்சு அடி தூரத்திலை நிண்டு தலையிலை ஒரே வெடியாம். பாம்பின்ரை நீளத்தைக் காட்ட ரெண்டு கையும் காணாமல் கதவு வரைக்கும் நடந்து காட்டினார். அவரின்ரை மனுசி றோசாலியாத் திருநாளுக்கு அவிச்ச நத்தையளைச் சின்ன உருக்குக் கம்பி ஒண்டாலை ஓட்டுக்குள்ளை இருந்து கிளறி எடுத்துக்கொண்டு, "பாம்பைக் கொண்டந்து காட்டினவரோ எண்டு கேள்" எண்டா.

"செத்த பாம்பை ஆர் பஸ்ஸிலை கொண்டு வாறது?"

"அதுவும் சரிதான்" எண்டுபோட்டு மனுசி றொனியின்ரை வாயிலை ஒரு நத்தையை வைச்சா.

இறங்கேக்கை றொனி கொப்பியைத் திறந்து பாத்தான். மூண்டு பேர், மூண்டு பேரும் நூறுக்கு நூறு. தன்னைப் பற்றி விசாரிச்சால் மன்னாரிலை மூண்டு பேர் இப்பிடிச் சொல்லுவினமோ எண்டு யோசிச்சான். சொல்லாயினம்.

மத்தியானம் சின்யோரா நித்திரை கொள்ளுற நேரம், ரெண்டு தெரு தள்ளி இருந்த கிளறா அக்கா வீட்டுக்கு ஓடினான். பெரியம்மாவின்ரை மகள். அவனைப் பலேர்மோவுக்குக் கூப்பிட்டதும் அவதான். அவவின்ரை புருசன் ஜோக்கிம் அத்தான் ஃபானுக்கு முன்னாலை நிலத்திலை கிடந்தார்.

"மூண்டு பேரும் நல்லதெண்டு சொல்லிப்போட்டினம் அக்கா. நான் முடிஞ்சன்."

"உனக்கென்ன விசரோ? உன்னை வேலையாலை நிப்பாட்டப் போற துவக்குக்கு நீயே போய் நற்சாட்சிப் பத்திரம் எடுத்துக்கொண்டு வாறாய்?"

"சின்யோரா போகச் சொன்னவா."

"உந்த ஃபானைப் பற்றி என்னட்டைக் கேட்டிருந்தால் நான் உண்மையைச் சொல்லியிருப்பன், தம்பி" எண்டார் அத்தான்.

"நீங்கள் பேசாமல் கிடவுங்கோ. டேய், கொப்பியைக் கொண்டா." அக்கா புரட்டினா. "இது தமிழிலையெல்லோ எழுதியிருக்கிறாய்."

"இத்தாலியனிலை எழுதினால் பிழை வரும் அக்கா. சின்யோரா சிரிப்பா."

"அப்ப இதை ஆர் வாசிக்கிறது?"

"நான்தான் வாசிச்சுச் சொல்ல வேணும்."

கிளறா அக்கா கொப்பியை மூடி அவன்ரை மடியிலை போட்டா. "அப்ப உனக்கென்னடா பிரச்சினை?"

றொனிக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.

"பொய் சொல்லச் சொல்லுறியளோ?"

"நான் ஒண்டும் சொல்லச் சொல்லேல்லை. வாசிக்கச் சொல்லுறன்."

பின்னேரம் சின்யோராவுக்கு முன்னாலை கொப்பியை விரிச்சுப் பிடிச்சுக்கொண்டு றொனி வாசிச்சான். மூண்டாம் மாடிப் பிஸ்டல் எண்ணெய் போட்டாலும் சிக்கும். நாலாம் மாடிப் பிஸ்டல் துறைமுகத்திலை ரெண்டாம் வெடியிலை சிக்கிப் போச்சு. அஞ்சாம் மாடிப் பிஸ்டல் பாம்புக்கு வைச்ச வெடி பாம்பிலை படேல்லை, பாம்பு இப்பவும் பகேரியாவிலை இருக்கு.

சின்யோரா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "திருப்பி ஒருக்காச் சொல்லு, ஆறுதலாய்" எண்டா. அவன் சொல்லச் சொல்ல அவா தன்ரை கையாலை இத்தாலியனிலை எழுதினா. எழுதி முடிய அவன்ரை கன்னத்திலை தட்டினா.

"பாவம் என்ரை கஸ்பாரே" எண்டா. "ஒரு உதவாத சாமானைச் சாகுமட்டும் துடைச்சுக்கொண்டு இருந்திட்டார்."

ஆனால் முகத்திலை கவலை கொஞ்சமும் இல்லை. பிஸ்டல் உதவாது எண்டு கேள்விப்பட்ட மனுசி ஏன் இவ்வளவு சந்தோசப்படுறா எண்டு றொனி யோசிக்க வெளிக்கிட்டான். அதுக்குள்ளை அவா ரொறினோவுக்குப் போன் போட்டிட்டா.

அதிலைதான் வந்தது வினை. சின்யோர் ஒனோஃப்ரியோ ருஜேரோவுக்கு உறுதிபூசுதலிலை ஞானத்தகப்பன். "அவர் அப்பிடிச் சொன்னவரோ? நானே கேக்கிறன்" எண்டுபோட்டு அவ்வொக்காத்தோ உடனை நாலாம் மாடிக்குப் போன் எடுத்தார். உங்கடை பிஸ்டல் சிக்கினதாமே, கலோஜெரோவும் அப்பிடித்தான் சொன்னவராமே எண்டு கேட்டிருக்கிறார்.

புதன்கிழமை காலமை றொனி பாண் கூடையை மேலை இழுத்துக்கொண்டிருந்தான். பாண் வாங்கவெண்டு சின்யோரா படி இறங்கமாட்டா. அதாலை பல்கணியிலை இருந்து கயித்திலை ஒரு கூடையை இறக்கினால், கீழை பாண்காரன் பாணைப் போடுவான், மேலை இழுக்கிறது றொனியின்ரை வேலை. கூடை பாதி வரேக்கை படியிலை சத்தம் கேட்டுது. ஒனோஃப்ரியோ சாரத்தைக் கட்டின மாதிரித் துவாயோடை மூண்டாம் மாடிக் கதவைத் தட்டிக்கொண்டு நிண்டார்.

"கலோஜெரோ! என்ரை பிஸ்டல் சிக்கினதெண்டு ஊரெல்லாம் சொல்லித் திரியிறியாம்!"

"நான் ஏன் உன்ரை பிஸ்டலைப் பற்றிக் கதைக்கிறன்? எனக்கு என்ரை பிஸ்டல் இருக்கு!"

றொனி கூடையை விட்டிட்டு ஓடினான். பாண் திரும்பக் கீழை போச்சு.

"சின்யோர் ஒனோஃப்ரியோ, அவர் உங்கடையைப் பற்றிச் சொல்லேல்லை" எண்டான் மூச்சு வாங்கி. "தன்ரையைப் பற்றித்தான் சொன்னவர்."

ஒனோஃப்ரியோவின்ரை கோவம் அந்த இடத்திலையே இறங்கிப் போச்சு. அவர் கலோஜெரோவின்ரை தோளிலை கையை வைச்சார்.

"அப்பிடியே? எனக்கு ஏனப்பா முதலே சொல்லேல்லை? உன்ரை பிஸ்டல் சிக்குதெண்டால் கொண்டா, நான் திருத்தித் தாறன். வெக்கப்படாதை."

"என்ரை பிஸ்டல் சிக்குதோ? என்ரையோ?"

கலோஜெரோ அந்தக் கையைத் தட்டிவிட்ட சத்தத்துக்கு அஞ்சாம் மாடியிலை இருந்து கயெத்தானோ சமாதானம் பண்ண இறங்கி வந்தார். றொனி அவரையாவது காப்பாத்துவம் எண்டு, "உங்களைப் பற்றி ஒண்டுமில்லை சின்யோர், பாம்பு உயிரோடை இருக்கு எண்டு மட்டும்தான்..." எண்டு துவங்கினான்.

"என்ரை பாம்போ?" எண்டார் கயெத்தானோ. "என்ரை பாம்பு உயிரோடையோ?"

நாப்பது வருசம் ஒரே கவுண்டரிலை முத்திரை குத்தின மூண்டு பேர். அண்டைக்கு மத்தியானம் படியிலை ஒருத்தரை ஒருத்தர் கண்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவை. பின்னேரம் ஒனோஃப்ரியோ தனிய மாதா சுரூபத்துக்குப் பக்கத்திலை படியிலை குந்திக்கொண்டு இருந்ததை றொனி கண்டான். வழமையாய் அந்த நேரம் மூண்டு பேரும் கீழை கதிரை போட்டுக் காட்ஸ் விளையாடுறது. கதிரை மூண்டும் சுவரோடை சாத்திக் கிடந்தது.

பெர்மெஸ்ஸோ கிடைச்சால் றோசாலியா மலைக்கு வெறுங்காலோடை ஏறுறன் எண்டு ஒரு நேர்த்தி வைச்சிருந்தவன். இப்ப எந்த முகத்தோடை ஏறுறது?

வியாழக்கிழமை பத்து மணிக்கு அவ்வொக்காத்தோ வந்தார். கழுத்துப்பட்டியைக் கழட்டக்கூட இல்லை.

"அம்மா, நான் மூண்டு பேரையும் மேலை வரச் சொல்லியிருக்கிறன். நேரை கேட்டு ஒரேயடியாய் முடிப்பம்."

வந்தவை. மூண்டு ஆம்பிளையளும் குசினித் துணியிலை சுத்தின பிஸ்டலை நெஞ்சோடை அணைச்சுக்கொண்டு, சாவீட்டுக்கு வந்தமாதிரி மூண்டு மூலையிலை இருந்தினம். பின்னாலை மூண்டு மனுசிமாரும் வந்து சுவரோடை நிண்டினம். சின்யோரா நின்ஃபா சாப்பாட்டு மேசையின்ரை தலைமாட்டிலை. றொனி குசினி வாசலிலை, ஓடுறதெண்டால் பக்கம்.

அவ்வொக்காத்தோ கிண்ணத்தைத் தூக்கிக் கடிதத்தை எடுத்தார்.

"விசயம் சிம்பிள். பிஸ்டலை நம்பலாமெண்டால் இந்தக் கடிதம் தேவையில்லை. நம்பேலாதெண்டால் அம்மா இப்பவே கையெழுத்து வைக்கட்டும், நான் மறிக்கமாட்டன். பொடியா, உன்ரை கொப்பியைக் கொண்டா. இவைக்கு முன்னாலை வாசி."

றொனி கொப்பியை விரிச்சான். எல்லாரும் அவனைப் பாத்தினம்.

"வாசி, றொனி" எண்டா சின்யோரா. "அண்டைக்கு வாசிச்ச மாதிரியே."

'இருபது வருசம் ஒருநாள் சிக்கினதில்லை' எண்டு தன்ரை கையெழுத்திலை தெளிவாய்க் கிடந்தது. நிமிந்து பாத்தான். ஒனோஃப்ரியோ ஜன்னலைப் பாத்துக்கொண்டு இருந்தார். கலோஜெரோ அவரைப் பாக்காமல் இருக்கச் சரியாய்ப் பாடுபட்டுக்கொண்டு இருந்தார்.

றொனி கொப்பியை மூடினான்.

"நான் மாத்தி வாசிச்சனான், சின்யோரா."

"என்ன?"

"இவை ஒருத்தரும் ஒருத்தரைப் பற்றியும் கூடாமல் சொல்லேல்லை. தங்கடை பிஸ்டலைப் பற்றியும் கூடாமல் சொல்லேல்லை. மூண்டு பேரும் நல்ல சாமான், நம்பலாம் எண்டுதான் சொன்னவை. இதிலை தமிழிலை அப்பிடித்தான் எழுதிக் கிடக்கு. எனக்கு வேலை போயிடுமெண்டு பயத்திலை நான்தான்..." அதுக்கு மேலை இத்தாலியன் வரேல்லை. தமிழும் வரேல்லை.

சின்யோரா கண்ணை மூடினா. கோவமில்லை. கட்டி முடிச்ச வீட்டிலை ஒருத்தன் வந்து அடிக்கல்லை உருவினால் வாற முகம்.

"மடையா" எண்டா மெதுவாய்.

மூலையிலை வேறை விதமாய் நடந்தது. ஒனோஃப்ரியோ எழும்பிக் கலோஜெரோவிட்டைப் போனார். "அப்ப நீ சொல்லேல்லை?"

"நான் ஏன் சொல்லப்போறன், விசரா!"

ரெண்டு பேரும் கட்டிப் பிடிச்சினம். நடுவிலை ரெண்டு பிஸ்டலும் நசிபட்டுது. கயெத்தானோவும் போய்ச் சேந்தார். "பாம்பு செத்ததுதான்!" எண்டார் கண்ணீரோடை.

"நல்லது" எண்டார் அவ்வொக்காத்தோ. "அப்ப மூண்டு சாட்சியும் ஒண்டு. சிக்காத பிஸ்டல். துறைமுகத்திலை வெடிச்சது, பாம்பைச் சாக்காட்டினது. விசயம் முடிஞ்சுது, அம்மா." கடிதத்தை ரெண்டாய் மடிச்சார்.

றொனி கடிதத்தைப் பாத்து ஒரு அடி முன்னாலை வந்தான்.

"மடிக்காதை" எண்டா சின்யோரா. "அபிப்பிராயம் வேறை, சாமான் வேறை. கீழை நீனோ இருக்கிறான். வித்தவன் அவன். அவன்ரை நிலவறையிலை வைச்சு ஒருக்கா வெடிச்சுப் பாக்கட்டும். பிறகு மடி."

சுவரோடை நிண்ட மூண்டு மனுசிமாரும் ஒரே நேரத்திலை கதைக்கத் துவங்கிச்சினம். இந்த வெய்யிலுக்குள்ளை அந்தக் கிழவனை ஏன் கரைச்சல் படுத்துவான். எண்பது வயசு மனுசன், காதும் கேக்காது. அடுப்பிலை தக்காளிச் சோஸ் கிடக்கு. நாளைக்குப் பாப்பமே.

சின்யோரா நின்ஃபா மூண்டு பேரையும் ஒவ்வொருத்தராய்ப் பாத்தா. மூண்டு பேரும் வாயை மூடிச்சினம்.

"ஆனால் பிஸ்டலோடை றோட்டிலை இறங்கேலாது" எண்டார் மகன். "சட்டம் இருக்கு. அனுமதி வேணும்."

"ஆர் றோட்டிலை இறங்கிறது? கூடை இறங்கும்."

நாலு பிஸ்டலையும் பாண் கூடைக்குள்ளை வைச்சு மேலை ஒரு மேசைவிரிப்பாலை மூடினவை. கயித்தை றொனியின்ரை கையிலை குடுத்தினம். அவனைத் துரத்தப் போற சாமானை அவனே இறக்க வேணும். துவக்கைத் தொடமாட்டன் எண்டு கடல் தாண்டி வந்தவன், நாலு துவக்கை ஒரே கயித்திலை பிடிச்சுக்கொண்டு பல்கணியிலை நிண்டான். கயித்தை விட்டால் நாலும் நொருங்கும் எண்டு ஒரு எண்ணம் வந்தது. கை விடேல்லை. பாண் இறக்கிப் பழகின கை, தன்பாட்டிலை ஆறுதலாய் இறக்கிச்சுது.

கீழை மாஸ்த்ரோ நீனோ கதிரையிலை இருந்து எழும்பிக் கூடையைப் பிடிச்சார். விரிப்பைத் தூக்கிப் பாத்தார். ஒண்டொண்டாய் எடுத்துப் பின்பக்கத்தைக் கழட்டி, வெய்யிலுக்குப் பிடிச்சுப் பாத்தார். நாலையும் பாத்தார். பேந்து தொப்பியைக் கழட்டித் தலையைச் சொறிஞ்சார்.

"என்னவாம்?" எண்டு ஒனோஃப்ரியோ பல்கணிக் கம்பியிலை எக்கினார். "புதுசு மாதிரி இருக்கெண்டு சொல்லுறானோ?"

"நாலையும் வெடிச்சுப் பார், நீனோ!" எண்டு கலோஜெரோ கத்தினார். "சிக்கினால் என்ரை பேரை மாத்து!"

றொனி திரும்பிப் பாத்தான். உள்ளை, மேசையிலை, சின்யோரா நின்ஃபா மகன்ரை கையிலை இருந்து கடிதத்தை வாங்கி மடிப்பை நீவிக்கொண்டிருந்தா. பேனை மூடியைக் கழட்டினா. ஆருடைய பதிலுக்கும் காத்திராமல் தன்ரை பேரின்ரை முதல் எழுத்தை எழுதத் துவங்கினா. ஏனெண்டு றொனிக்கு விளங்கேல்லை. அவன்ரை கை கயித்தை விடாமல் இறுக்கிப் பிடிச்சுது.

காது கேளாத ஆக்கள் மெதுவாய்க் கதைக்கமாட்டினம். மாஸ்த்ரோ நீனோ ரெண்டு கையையும் வாயிலை குவிச்சுக்கொண்டு, தெரு முழுக்கக் கேக்க மேலை பாத்துக் கத்தினார்:

"சின்யோரா நின்ஃபா! இதுகளை என்னெண்டு நான் வெடிக்க வைக்கிறது? வாங்கின கிழமையே நீங்கள் நாலு பொம்பிளையளும் புருசன்மாருக்குத் தெரியாமல் கொண்டுவந்து கழட்டுவிச்ச, தோட்டாவிலை குத்துற அந்த நாலு ஊசியையும் முதல் கூடையிலை போட்டு விடுங்கோ!"